வல்வெட்டித்துறையிலிருந்து சாவகச்சேரிக்கு: ஒரு குறுகிய ஜெற்றும் பதினேழரை மைலும்

பழைய காபரேற்றர் மோட்டார் சைக்கிளில் யாழ்ப்பாணக் குடாநாட்டைச் சுற்றிவர நினைக்கும் சிலர், என் முந்தைய பதிவைப் படித்துவிட்டு ஒரே கேள்வியைக் கேட்டு எழுதியிருந்தார்கள். 350 சிசி எஞ்சினில் இழுவை குறையாமல், இரண்டு பேர் இருந்து ஓடியும், ஒரு காலன் பெற்றோலுக்கு எழுபத்தெட்டு மைல் எப்படி எடுத்தீர்கள்? அளவுகளைக் கீழே தருகிறேன். அவை எப்படிக் கிடைத்தன என்பதையும் சேர்த்துச் சொல்லாமல் தருவது சரியில்லை என்று படுகிறது. அதனால் இது ஒரு பயணக் கட்டுரை. 1975ஆம் ஆண்டு ஆடி மாதத்துச் சனிக்கிழமை ஒன்றில் வல்வெட்டித்துறையிலிருந்து சாவகச்சேரிக்குப் போன கதை. தூரம் எங்கள் மீற்றரில் பதினேழரை மைல். ஒரு மணித்தியாலத்தில் போயிருக்க வேண்டிய பாதை. எனக்கு ஐந்து மணித்தியாலமும் நாற்பது நிமிடமும் எடுத்தது.

எனக்கு அப்போது இருபத்தேழு வயது. அச்சுவேலியில் வீடு, பக்கத்துப் பாடசாலையொன்றில் விஞ்ஞான ஆய்வுகூட உதவியாளர் வேலை. மோட்டார் சைக்கிள் எனக்கும் வேலண்ணைக்கும் பொது. இரத்தினவேல் என்பது அவருடைய முழுப்பெயர். வல்வெட்டித்துறைக்காரர், என்னைவிட இரண்டு வயது மூத்தவர். தகப்பனும் பெரியதகப்பனும் கடலோடிகள். அவர் மட்டும் கரையில் நின்று மீன்பிடி வள்ளங்களின் எஞ்சின் திருத்திக்கொண்டிருந்தார். கப்பலில் எஞ்சின் அறை வேலைக்குப் போக வேண்டும் என்பதைத் தவிர வேறு ஆசை எதையும் அவர் சொல்லி நான் கேட்டதில்லை. இரண்டு முறை முயன்று இரண்டு முறையும் சரிவரவில்லை. முப்பது வயதுக்கு மேற்பட்டவர்களைப் புதிதாக எடுக்கமாட்டார்கள் என்று சொல்லியிருந்தார்கள். ஆவணி பிறந்தால் அவருக்கு முப்பது.

மோட்டார் சைக்கிளை நாங்கள் இரும்பு விலைக்கு வாங்கியிருந்தோம். இங்கிலாந்துத் தயாரிப்பு, ஒற்றைச் சிலிண்டர். யாரோ மட்டமான பெற்றோலுக்காகச் சிலிண்டருக்கு அடியில் ஒரு தகடு வைத்து அமுக்கத்தைக் குறைத்திருந்தார்கள். வேலண்ணை அந்தத் தகட்டை எடுத்தார். இழுவைக்காகப் பின் சில்லின் பற்சக்கரத்தை இரண்டு பல் கூடியதாக மாற்றினார். காபரேற்றருக்கும் சிலிண்டருக்கும் இடையிலுள்ள குழாயின் உட்புறத்தை அரத்தாலும் மணற்கடதாசியாலும் தேய்த்துப் படி இல்லாமல் சேர்த்தார். தீப்பொறி விழும் நேரத்தைச் சிகரெட் பெட்டியின் மெல்லிய தாளை வைத்துப் பார்த்துச் சரிசெய்தார். இறக்குமதி நின்றுபோயிருந்த காலம். புதுச் சாமான் என்று ஒன்றும் கிடையாது, எல்லாம் கையால்தான்.

என் பங்கு அளப்பது. ஆய்வுகூடத்து அளவுசாடியைக் கொண்டுவந்து பெற்றோலை அளந்து ஊற்றி, ஓடி, மிச்சத்தை அளந்து கொப்பியில் எழுதுவேன். ஆங்கிலப் புத்தகங்கள் இரண்டு என்னிடம் இருந்தன. காற்றைக் கூட்டிப் பெற்றோலைக் குறைத்தால் காலனுக்குத் தொண்ணூறு மைல் தொடலாம் என்பது என் கட்சி. வேலண்ணை ஒத்துக்கொள்ளவில்லை. தனியாக, சமதரையில், காற்றில்லாத நாளில் சரி. இரண்டு பேர் ஏறி, தென்மேற்கிலிருந்து வீசும் சோழகக் காற்றுக்கு எதிரே போனால் எஞ்சின் வெந்துபோகும் என்றார். பெற்றோல் எரிவதற்கு மட்டுமல்ல, உள்ளே குளிர்விப்பதற்கும் வேண்டும் என்று அவர் சொன்னதை, புத்தகம் படிக்காதவரின் பேச்சு என்று நான் நினைத்தேன். பல வாரங்களாக இது எங்களுக்குள் ஓடியது. சிரித்துக்கொண்டேதான் வாதாடினோம். ஆனால் எனக்கு உள்ளுக்குள் சிரிப்பு இல்லை.

அந்த வெள்ளிக்கிழமை பாடசாலை முடிந்து பிற்பகல் மூன்றரைக்கு வல்வெட்டித்துறை போய்ச் சேர்ந்தேன். சனிக்கிழமைகளில் இருவரும் எஞ்சினில் வேலை செய்வது வழக்கம், வெள்ளி அங்கேயே தங்கிவிடுவேன். வேலண்ணை கடற்கரையில் ஒரு வள்ளத்து எஞ்சினோடு நின்றார். மோட்டார் சைக்கிள் நிற்கும் அவருடைய கொட்டிலில் நான் தனியே. காபரேற்றரைக் கழற்றி, பெற்றோல் வரும் சிறு துளையுள்ள பித்தளைத் திருகை, அதைத்தான் ஜெற் என்பது, ஈயம் பிடித்து அடைத்து, மெல்லிய ஊசியால் முன்னையதைவிடச் சிறிய துளை போட்டேன். ஜெற்றுக்கு மேலே பெற்றோலின் அளவைக் கட்டுப்படுத்தும் ஊசியொன்று உண்டு; அதைத் தாங்கும் கிளிப்பையும் ஊசியின் உச்சிக் காடிக்கு, அதாவது மேல் வெட்டுக்கு, மாற்றினேன். அப்படிச் செய்தால் ஊசி கீழே இறங்கி நடு வேகத்திலும் பெற்றோலைக் குறைக்கும். அடுத்த நாள் காலை கடற்கரை வீதியில் தனியே ஓடி, கணக்கைக் காட்டிவிட்டு, பிறகு சொல்வோம் என்பது என் திட்டம்.

காலை ஏழு பத்துக்கு வேலண்ணையின் மைத்துனர் மிதிவண்டியில் வந்தார். கப்பலில் எஞ்சினியராக இருக்கும் உறவுக்காரர் ஒருவர் சாவகச்சேரியில் மனைவி வீட்டுக்கு வந்து நிற்கிறாராம். தன் கப்பலுக்கு எஞ்சின் அறைக்கு ஓர் ஆள் வேண்டுமாம். பத்தரைக்குக் கார் பிடித்துக் கொழும்புக்குப் போகிறார், அதற்குமுன் பத்திரங்களோடு நேரில் வந்தால் பார்ப்பார் என்று சொல்லி அனுப்பியிருந்தார்.

வேலண்ணை குளிக்கக் கிணற்றடிக்குப் போனார். தாய் பெட்டகத்திலிருந்து பிறப்புச் சான்றிதழையும் கடிதங்களையும் எடுத்து எண்ணெய்த்தாளில் சுற்றிக் கொடுத்தார். யாழ்ப்பாணத்துக்குப் பஸ்ஸில் போய் அங்கிருந்து கண்டி வீதி பஸ் பிடிக்கலாம் என்றார் மைத்துனர். மோட்டார் சைக்கிள் நிற்கும்போது பஸ் எதற்கு என்றார் வேலண்ணை.

அந்த இடத்தில் நான் சொல்லியிருக்க வேண்டும். காபரேற்றரில் கைவைத்தேன், பத்து நிமிடம் தாருங்கள், பழைய ஜெற்றைப் போட்டுவிடுகிறேன் என்று. பழைய ஜெற் இல்லை, அதைத்தானே அடைத்திருந்தேன். அப்படியானால் பஸ்ஸில் போங்கள் என்றாவது சொல்லியிருக்கலாம். அவர் சட்டையின் கைகளை மடித்துவிட்டு அந்த எண்ணெய்த்தாளை நெஞ்சோடு வைத்துக்கொண்டு நின்றதைப் பார்க்க, இவருடைய சைக்கிளை இவருக்குத் தெரியாமல் மாற்றினேன் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. பதினேழு மைல்தானே, தாங்கும் என்று எனக்கே சொல்லிக்கொண்டேன்.

ஏழு ஐம்பதுக்குப் புறப்பட்டோம். நான் ஓட்டினேன், அவர் பின்னால். உடுப்பிட்டி வரைக்கும் குறையில்லை. வீதிக்கு இருபுறமும் பனையும் வேலியும் காற்றைத் தடுக்கின்றன. எஞ்சின் சற்றுக் கூர்மையான சத்தத்தோடு நன்றாகவே ஓடியது. பின்னாலிருந்து வேலண்ணை இரண்டு முறை குனிந்து கேட்டார். என்ன சத்தம் மாறிக் கிடக்குது என்றார். காலைக் குளிராக்கும் என்றேன். ஆடி மாதத்தில் என்ன காலைக் குளிர்!

எட்டு பத்துக்கு வல்லை வெளி. இந்தப் பாதையில் போக நினைப்பவர்கள் இதைக் கவனமாகப் படியுங்கள். இரண்டு பக்கமும் மரம் கிடையாது, உவர்நிலமும் புல் மட்டும் முளைக்கும் தரவையும் நீரேரியும்தான். சோழகம் வீசும் மாதங்களில் அச்சுவேலிப் பக்கம் போகிறவருக்குக் காற்று முகத்தில் அறையும். மூன்றாம் கியரில் போக வேண்டிய இடத்தில் நான் நான்காம் கியரைப் பிடித்துக்கொண்டு கைப்பிடியை முறுக்கினேன். காபரேற்றர் இரண்டு முறை பின்னோக்கி இருமியது. பாலத்துக்குக் கொஞ்சம் முன்னால் பின் சில்லு இறுகி, தார்வீதியில் பன்னிரண்டு பதினைந்து அடி இழுபட்டு நின்றோம். பிஸ்டன் சூட்டில் விரிந்து சிலிண்டரைக் கவ்விக்கொண்டது.

விழவில்லை. வேலண்ணை இறங்கி எஞ்சினுக்குக் கிட்டக் கையைக் கொண்டுபோய்ச் சூடு பார்த்தார். ஆறட்டும் என்று இருபது நிமிடம் காற்றுக்கு முதுகைக் காட்டி நின்றோம். பிறகு மெதுவாக உதைத்துப் பார்த்தார். பிஸ்டன் விட்டிருந்தது. அவர் காபரேற்றரின் மேல் மூடியைக் கையால் திருகி ஊசியை வெளியே இழுத்தார். பார்த்தார். என்னைப் பார்க்கவில்லை.

"ஊசியை இறக்கியிருக்கிறாய்" என்றார்.

மைலேஜ் பார்க்க என்றேன். சொல்லியிருக்கலாம் என்றார், அவ்வளவுதான். கிளிப்பை மூன்று காடி கீழே மாற்றிப்போட்டு மூடியைத் திருகத் தொடங்கினார். அப்போது பருத்தித்துறைப் பக்கமிருந்து யாழ்ப்பாண பஸ் வந்தது. நேரம் எட்டு நாற்பது. இருவரும் வெளியில் நிற்பதைக் கண்ட சாரதி தானாகவே நிறுத்தினார். கொண்டக்டர் மிதிபலகையில் நின்று, ஏறப்போறியளோ என்று கேட்டார். ஒன்பது இருபத்தைந்துக்குள் யாழ்ப்பாணம், பத்து மணிக்கெல்லாம் சாவகச்சேரி. வேலண்ணை மனதுக்குள் கணக்குப் பார்ப்பது தெரிந்தது.

ஊசியைப் பார்க்கக் கை போதும். ஜெற்றைப் பார்க்க வேண்டுமானால் அடிப்பக்கத்தைத் திருகுசாவி போட்டுக் கழற்ற வேண்டும். பஸ் நிற்கும்போது அதற்கு நேரமில்லை. அதனால் என்னைக் கேட்டார்.

"ஜெற்றிலை கை வைச்சனியோ?"

"இல்லை அண்ணை."

யோசித்துச் சொன்ன பொய் அல்ல. அடுப்பில் கை பட்டால் இழுப்பதுபோல வந்தது. ஏற்கெனவே ஒன்றில் பிடிபட்டுவிட்டேன், இன்னொன்றிலும் பிடிபட மனமில்லை. ஊசியைச் சரிசெய்தாயிற்று, மிச்சத்தை நான் மெதுவாக ஓட்டிச் சமாளிப்பேன் என்றும் நினைத்தேன். இத்தனை ஆண்டுகளாக இந்தக் காரணங்களைத் திருப்பித் திருப்பிப் பார்த்திருக்கிறேன். ஒன்றாவது உருப்படியாக இல்லை.

வேலண்ணை கொண்டக்டரிடம் கையசைத்தார். "நீங்கள் போங்கோ, சைக்கிள் சரி." பஸ் போய்விட்டது.

எட்டு ஐம்பத்தைந்துக்கு எஞ்சின் எடுத்தது. இப்போது அவர் ஓட்டினார். அவரங்கால் தாண்டிப் புத்தூர்ச் சந்திக்கு ஒன்பது இருபத்தைந்து. அங்கே இடதுபக்கம் திரும்பும் மீசாலை வீதியில் போனால் சாவகச்சேரிக்குக் குறுக்கு வழி. வீதி அன்றைக்குக் கல்லும் மணலுமாக இருந்தது. வாதரவத்தை தாண்டியபின் வீடுகள் குறைந்து, வெளி தொடங்குகிறது. மறித்த காற்றை எதிர்த்து அவர் பூப்போல ஓட்டினார், இருந்தும் எஞ்சினின் சத்தம் வறண்டு வறண்டு வந்தது. ஏதோ குறையுது, என்னெண்டு பிடிபடேல்லை என்று அவர் காற்றுக்குள் சொன்னது காதில் விழுந்தது. ஒன்பது ஐம்பதுக்கு உள்ளே ஓடு உடைவதுபோல ஒரு சத்தம். பிறகு உதைத்தால் பெடல் எதிர்ப்பே இல்லாமல் இறங்கியது. பிஸ்டன் வளையம் உடைந்து அமுக்கம் போய்விட்டது.

இன்னும் ஐந்து மைல். அவர் எண்ணெய்த்தாளைச் சட்டைக்குள் வைத்துக்கொண்டு, நீ சைக்கிளோடை வா, நான் போறன் என்று சொல்லி ஓடத் தொடங்கினார். செருப்பு மணலில் இடற, அதைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு ஓடினார். வளைவில் மறையும்வரை பார்த்துக்கொண்டு நின்றேன்.

ஐந்து மைலும் நான் தள்ளிக்கொண்டு போனேன். முந்நூறு இறாத்தலுக்கு மேற்பட்ட இரும்பு. வழியில் ஒருவர் செம்பில் தண்ணீர் தந்து, எங்கே போகிறாய் என்று கேட்டார். முன்னால் ஓடியவரைக் கண்டீர்களா என்று கேட்டேன். கண்டாராம். விறகு ஏற்றிவந்த ஒருவரின் மிதிவண்டியில் பாதி வழி போனதாகச் சொன்னார். சரி, போய்ச் சேர்ந்திருப்பார் என்று ஒரு மைல் தூரம் மனது இலேசாக இருந்தது.

சாவகச்சேரிச் சந்தைக்கு நான் போய்ச் சேர்ந்தபோது பிற்பகல் ஒன்றரை. மாம்பழக் காலம். சந்தை வாசலெங்கும் கடகம் கடகமாகக் கறுத்தக்கொழும்பான். வேலண்ணை பஸ் நிலையத்துக்கு எதிரேயுள்ள தேநீர்க் கடையில் இருந்தார். கால்விரல்களில் இரத்தம் காய்ந்திருந்தது. என்னைக் கண்டதும் எழுந்து, எனக்கு ஒரு தேநீரும் இரண்டு வடையும் சொன்னார். மொத்தம் எழுபது சதம். அவரே கொடுத்தார்.

நான் கேட்காமலே சொன்னார். அவர் போனபோது பத்து ஐம்பது. கார் இருபது நிமிடத்துக்கு முன்னே போய்விட்டது. வீட்டுக்கார அம்மா உள்ளே கூப்பிட்டு இருக்கச் சொல்லி மோர் கொடுத்தாராம். வல்வெட்டித்துறையிலிருந்து ஒருவர் வருவார் என்று எஞ்சினியர் வாசலில் நின்று பார்த்தாராம். இடத்தை வெறுமையாக விட ஏலாது என்று, பத்து மணிக்கு வந்த கொடிகாமத்துப் பெடியன் ஒருவனை எடுத்துக்கொண்டு போனாராம்.

நான் தலையைக் குனிந்துகொண்டு வடையைத் தின்றேன். சொல்லவில்லை.

திரும்பும் வழி: மாம்பழம் ஏற்றிய லொறியொன்றில் சைக்கிளையும் எங்களையும் புத்தூர் வழியாக அச்சுவேலிக்கு ஆறு ரூபாய்க்கு ஏற்றினார்கள். சாரதி கதைகாரர், வழியெல்லாம் விலைவாசி பேசினார். வேலண்ணை அவருக்கு ஓம், ஓம் என்று மரியாதையாகப் பதில் சொல்லிக்கொண்டு வந்தார்.

அடுத்த சனிக்கிழமை அவரே அச்சுவேலிக்கு வந்தார். என் வீட்டு முற்றத்தில் சாக்கை விரித்து எஞ்சினைப் பிரித்தார். மேல் வளையம் மூன்று துண்டு. பிஸ்டனின் பக்கம் முழுக்கக் கீறல். அதையெல்லாம் வரிசையாக வைத்துவிட்டுக் காபரேற்றரின் அடிப்பக்கத்தைக் கழற்றினார். ஜெற்றை எடுத்து வெயிலுக்குப் பிடித்துப் பார்த்தார். பித்தளைக்கு நடுவே ஈயம் வெள்ளையாகத் தெரிந்தது. எனக்கும் தெரிந்தது, அவ்வளவு தூரத்திலிருந்து.

அடிப்பார் என்று நினைத்தேன். அடித்திருக்கலாம். அவர் ஜெற்றைச் சாக்கில், உடைந்த வளையத்துக்குப் பக்கத்தில் வைத்தார்.

"பஸ் நிண்டது தம்பி" என்றார். "நாங்கள் மறிக்கவும் இல்லை. அது தானா நிண்டது."

நான் ஏதோ சொல்லத் தொடங்கினேன். வேண்டாம் என்று தலையசைத்தார். அதன்பிறகு செய்ததைத்தான் என்னால் இன்றைக்கும் விளங்கிக்கொள்ள முடியவில்லை. அவர் எழுந்து போய்விடவில்லை. அந்தச் சனியும் அடுத்த சனியும் வந்து எஞ்சினை முழுதாகத் திருத்தினார். வேறொரு பழைய எஞ்சினிலிருந்து வளையம் எடுத்து இராவிப் பொருத்தினார். ஈயத்தை உருக்கி எடுத்து, தன் அளவுக்குத் துளை போட்டார். எஞ்சினை இயக்கி, ஓடி, காது வைத்துக் கேட்டு, தீப்பொறிப் பிளக்கைக் கழற்றி அதன் நிறம் பார்த்து, மறுபடியும் காபரேற்றர்த் திருகை அரைச்சுற்று மாற்றி, மாலை ஐந்து மணிக்குக் கையைத் துடைத்தார். பால்தேத்தண்ணி நிறத்தில் பிளக் இருந்தால் தொடாதே என்றார். சைக்கிள் இனி உன்னுடையது, எனக்கு உது தேவையில்லை என்று சொல்லிவிட்டுப் பஸ்ஸில் போனார். அதுதான் அவர் என் வீட்டுக்கு வந்த கடைசி நாள்.

ஒரு மாதம் கழித்து அளந்தேன். இரண்டு பேர், வல்லை வெளி, எதிர்க்காற்று: காலனுக்கு எழுபத்தெட்டு மைல். என் தொண்ணூறு ஒருநாளும் வரவில்லை.

பெற்றோல் விலை ஏறிக்கொண்டிருந்த காலம். எழுபத்தெட்டு மைல் என்ற செய்தி பரவியது. உரும்பிராய், கோப்பாய்ப் பக்கமிருந்து தோட்டக்காரர்கள் தங்கள் சைக்கிள்களைக் கொண்டுவந்தார்கள். நான் அவருடைய அளவுகளையே வைத்துச் செய்துகொடுத்தேன். அச்சுவேலியில் நல்ல கை என்று பெயர் வந்தது. எண்பதாம் ஆண்டு என்று நினைக்கிறேன், நெல்லியடியில் பெற்றோல் நிலையத்தில் ஒருவர் என்னைத் தன் நண்பருக்குக் காட்டி, இவர் கைவைத்த எஞ்சின் என்னுடையது, நாலு வருடமாக ஒரு குறையில்லை என்று உரத்துச் சொன்னார். பக்கத்தில், வள்ளத்து எஞ்சினுக்கு எண்ணெய் வாங்கக் கானோடு வரிசையில் நின்றவர் வேலண்ணை. தலைமுடி பாதி நரைத்திருந்தது. அந்த மனிதர் அவரையும் பேச்சில் இழுத்து, உங்களுக்குத் தெரியுமோ இவரை என்று கேட்டார்.

"ஓம், தெரியும்" என்றார் வேலண்ணை. "நல்லா அளப்பான்."

மற்றவர்கள் அதைப் புகழ்ச்சி என்று எடுத்துக்கொண்டார்கள். நான் அவரிடம் போய் ஒரு வார்த்தை பேசியிருக்கலாம். அவருடைய முறை வந்து, கானை நிரப்பிக்கொண்டு போனார். இரண்டு ஆண்டுகளில் நான் நாட்டைவிட்டு வெளியேறினேன். அவர் கடைசிவரை கரையில்தான் இருந்தார் என்று பின்னர் கேள்விப்பட்டேன்.

இனி, கேட்டவர்களுக்கு. சிலிண்டருக்கு அடியில் தகடு இருந்தால் எடுங்கள். பின் பற்சக்கரம் இரண்டு பல் கூட இருக்கட்டும். ஊசியின் கிளிப் மேலிருந்து நான்காம் காடி. ஜெற்றை ஒருபோதும் அடைத்துச் சிறிதாக்க வேண்டாம். மைலேஜ் வேண்டுமானால் நுழைகுழாயைத் தேயுங்கள், வால்வு இடைவெளியைச் சரிபாருங்கள், கையை மெதுவாக முறுக்குங்கள். ஆடியில் வல்லை வெளியைக் காலை ஏழுக்கு முன் தாண்டிவிடுங்கள், அல்லது மூன்றாம் கியரில் பொறுமையாகப் போங்கள். புத்தூர்–மீசாலை வீதியில் அக்காலத்தில் திருத்துவதற்கு ஓர் இடமும் இல்லை; ஒரு பிளக்கும் திருகுசாவிகளும் கையில் இருக்கட்டும். பின்னால் ஒருவரை ஏற்றினால், சைக்கிளில் எதை மாற்றினீர்கள் என்பதை ஏற்றுவதற்கு முன் அவரிடம் சொல்லுங்கள். அவர் கேட்கும்வரை காத்திருக்க வேண்டாம், கேட்டால் என்ன சொல்வீர்கள் என்பது உங்களுக்கே தெரியாது.

இந்த அளவுகளை யாருக்காவது கொடுத்தால் என் பெயரைச் சொல்ல வேண்டாம். வல்வெட்டித்துறை இரத்தினவேலின் அளவு என்று சொல்லுங்கள். இதைச் சொல்ல எனக்கு ஏறக்குறைய ஐம்பது வருடம் எடுத்திருக்கிறது. அவருக்கு இதனால் இனி ஒரு பயனும் இல்லை.